இரண்டு செடிகளும் என் மகளும்

அந்த இரண்டு கன்றுகளும் வீட்டுக்கு வந்தது ஏப்ரல் கடைசியில், எனக்கு வேலை போன வாரத்தில்.

பதினோரு வருடம் வேலை செய்த இடம். ஒரு காலை, கால் மணி நேர வீடியோ காலில் எங்கள் குழு மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். என்னோடு வெளியே வந்தவர்களில் ஒருவன் கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரன், என் பக்கத்து மேஜைக்காரன். கடைசியாக ஒருமுறை சேர்ந்து சாப்பிடலாம் என்று சன்னிவேலில் ஒரு தோசைக் கடையில் சந்தித்தோம். கிளம்பும்போது அவன் காரின் பின்சீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் தம்ளர்களை எடுத்து நீட்டினான். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஒரு கன்று.

உனக்குத்தான் தோட்ட வேலை பிடிக்குமே, இப்போது நேரமும் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

இலையைப் பார்த்ததுமே என்ன செடி என்று தெரிந்துவிட்டது. கஞ்சா. நான் சிகரெட்கூடப் பிடித்ததில்லை. பாளையங்கோட்டையில், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகும் வீட்டில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் அந்த வார்த்தை பேப்பரில் போலீஸ் செய்திகளில் மட்டும்தான் வரும். ஆனால் இங்கே சட்டம் வேறு. கலிபோர்னியாவில் வயது வந்தவர்கள் வீட்டில் ஆறு செடி வரை வளர்க்கலாம். எங்கள் நகராட்சியின் விதி என்ன சொல்கிறது, வீட்டுக்கு வெளியே வளர்க்கலாமா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேடாமல் இருந்தது தற்செயல் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இங்கேயும் டப்ளின் என்று ஒரு ஊர் உண்டு; நெடுஞ்சாலையில் அதற்கு அடுத்த எக்ஸிட்டில் எங்கள் வீடு. கொல்லையில் தக்காளியும் கத்தரியும் போட்டிருந்த பாத்தியின் கடைசியில், வேலி ஓரமாக இரண்டையும் நட்டேன்.

என் மனைவிக்கு மருத்துவமனை லேபில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். மகள் பதினொன்றாம் வகுப்பு. அவளும் ஏழரைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் நான் மட்டும். காலையில் வேலைக்கு அப்ளை பண்ணுவேன். பெரும்பாலும் பதிலே வராது. வந்தால் மறுப்பு வரும். அதைப் படித்துவிட்டுக் கொல்லைக்குப் போவேன். அந்தச் செடிகள் மட்டும் நான் செய்ததற்கெல்லாம் பதில் சொல்லின. தண்ணீர் விட்டால் மறுநாள் ஒரு கணு கூடியிருக்கும். மீன் உரம் கரைத்து ஊற்றினால் மூன்றாம் நாள் இலையின் பச்சை கறுக்கும். நுனியைக் கிள்ளினால் இரண்டாகக் கிளைக்கும். அந்த இரண்டையும் கிள்ளினால் நான்கு.

ஜூன் மாதம் இடுப்பு உயரம் வந்தபோதுதான் என் மனைவி கவனித்தாள். கையில் காபியோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது? இது அதுதானே?"

"ஆமா. ஆனா இங்க லீகல்தான்."

"லீகலா இருக்கட்டும். நீங்க என்ன பண்ணப் போறீங்க இத வெச்சு?"

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சும்மா வளர்த்துப் பார்க்கிறேன் என்றேன். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். வேலை போனதிலிருந்து நான் சேர்ந்தாற்போல நான்கு வார்த்தை பேசியது அந்தச் செடியைப் பற்றித்தான் என்று நினைத்தாளோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அதற்கு 'அந்தச் செடி' என்றுதான் பெயர். கஞ்சா என்ற சொல்லை நாங்கள் இருவருமே வாயில் எடுக்கவில்லை.

ஜூலையில் வெயில் நூறைத் தாண்டியது. தக்காளி வாடிச் சுருண்டது. அந்தச் செடிகளோ வெயிலைக் குடித்து வளர்ந்தன. வேலிக்கு மேலே தலை தெரியக்கூடாது என்று நடுத்தண்டை வளைத்துக் கயிறு கட்டிக் கீழே இழுத்தேன். உடனே பக்கக் கிளைகள் எல்லாம் நிமிர்ந்து ஒவ்வொன்றும் ஒரு தனிச் செடிபோல எழுந்தன. ஆகஸ்டில் இரண்டும் கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்து வைத்ததுபோல அகன்று, வேலியையும் தாண்டிவிட்டன. என்னைவிட உயரம். நான் இரண்டு கையையும் விரித்தால்கூட ஒன்றை முழுதாக அணைக்க முடியாது. கிளைகள் பாரத்தில் கிழியாமல் இருக்கச் சுற்றிலும் மூங்கில் கழிகளை நட்டு வலை கட்டினேன். பெருமையாக இருந்தது. வேறு எதிலும் கிடைக்காத பெருமை அது.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கும், பெரும்பாலும் எங்கள் வீட்டில். ஏழெட்டுக் குடும்பங்கள். அவர்களில் ஒரு ஆன்ட்டி, நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மகனோடு இருக்க வந்தவர். ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்தவர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"அது என்ன தம்பி, அவ்வளவு பெருசா?"

"புளிச்சக்கீரை ஆன்ட்டி." யோசிக்காமல் வந்தது. புளிச்சக்கீரையின் இலையும் ஏறக்குறைய அப்படித்தான் விரிந்திருக்கும்.

"அட! ஒரு கட்டு பறிச்சுக் குடுங்க, தொவையல் அரைக்கலாம்."

"இப்பதான் மருந்து அடிச்சிருக்கு ஆன்ட்டி. சாப்பிடக் கூடாது."

அவர் நம்பினார். நான் சொன்னால் நம்புவார். சபையில் கணக்குப் பார்ப்பவன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவன். என் மனைவி சிங்க் பக்கம் திரும்பி நின்று, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினேன். என் பொய்யில் அவளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது அன்றுதான்.

செப்டம்பரில் பகல் குறைய ஆரம்பித்ததும் கிளை நுனிகளில் வெள்ளை நூல் நூலாகப் பூ வந்தது. பிறகு நாளுக்கு நாள் கதிர்போலத் திரண்டது. கூடவே வாடை. யாரோ எலுமிச்சைத் தோலையும் பெட்ரோலையும் சேர்த்துக் கசக்கியதுபோல ஒரு வாடை, சாயங்காலக் காற்றில் தெருமுனை வரை போனது. அந்த வாரத்தில்தான் குடியுரிமை நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. என் மனைவியும் நானும் போன குளிர்காலத்தில் விண்ணப்பித்திருந்தோம். நவம்பரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "பிடுங்கிப் போட்டுடுங்க. இன்னைக்கே."

"ஏன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஸ்டேட்லதான் லீகல். ஃபெடரல்ல இல்ல. கிரீன் கார்டு வெச்சிட்டு இதெல்லாம் பண்ணக் கூடாது. அந்த ஃபார்ம்லயே கேக்கறாங்க."

எனக்கும் தெரியும், குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு, அதன் சட்டத்தில் இது இன்னும் குற்றம். ஆனால் பூ முற்ற இன்னும் நான்கு வாரம்தான். "அக்டோபர்ல முடிஞ்சிடும். நவம்பர்லதானே இன்டர்வியூ" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவன் இரண்டு செடிகளுக்காக மனைவியிடம் கெஞ்சினான். இதையெல்லாம் மகள் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். தினமும் காலையில் பூவின் மேல் வைத்துப் பார்ப்பேன். பனித்துளிபோல நிற்கும் பிசின் முத்துகள் கண்ணாடியாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. பால் நிறமானால் தயார். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு செடி தயாரானது. கிளை கிளையாக வெட்டி, பெரிய இலைகளைக் கிள்ளிப்போட்டு, கராஜில் குறுக்கே கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வெளிச்சம் படக்கூடாது, காற்று மட்டும் வேண்டும் என்பதால் ஜன்னலை அட்டையால் மூடி ஒரு ஃபேனை வைத்தேன். கைகளில் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்ததும் போனது.

என் மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தாள். அவளுடைய பேண்ட் ஜாக்கெட் கராஜில், உள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில்தான் எப்போதும் தொங்கும். கிளாரினெட் பெட்டி அதற்குக் கீழே இருக்கும். நான் கட்டிய கயிற்றுக்கும் அந்த ஆணிக்கும் நான்கடி தூரம். எனக்கு அது தோன்றவே இல்லை. ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து ஓட வேண்டும் என்று மட்டும் ஒரு மணி நேரம் யோசித்தேன்.

கிளைகள் காயத் தொடங்கிய ஆறாம் நாள், ஒரு புதன்கிழமை, மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

துணை முதல்வர் என் வயதுப் பெண்மணி. மரியாதையாக எழுந்து கை கொடுத்தார். என் மகள் அவருக்கு எதிர் நாற்காலியில் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேண்ட் அறையில் அவளிடம் கஞ்சா வாடை பலமாக வந்ததாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பையைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் ஜாக்கெட்டும் கிளாரினெட் பெட்டியும் அப்படி நாறுகின்றன. யாரோடு இருந்தாய், எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு அவள் தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சில வீடுகளில் பெரியவர்கள் பயன்படுத்துவார்கள், சிலர் கொல்லையில் வளர்ப்பார்கள், அது உங்கள் சொந்த விஷயம், அதில் பள்ளிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், விஷயம் இங்கேயே முடிந்துவிடும், அவள் வகுப்புக்குத் திரும்பிப் போகலாம்.

கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு என்னை வரச் சொன்னார். நான் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும்.

எனக்கு அந்த நேர்காணல் கடிதம்தான் கண்ணில் நின்றது. எங்கேயாவது எழுதிவைப்பார்கள், அது எங்கேயாவது போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

"இல்லை" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "நாங்கள் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். எங்கள் வீட்டில் அந்த மாதிரி எதுவும் கிடையாது" என்றேன்.

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று உறுதி செய்துகொள்வதுபோல ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்து ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுக்க ஆரம்பித்தாள்.

துணை முதல்வர் அவளிடம் மறுபடி கேட்டார். "ஐ டோன்ட் நோ" என்றாள் அவள், ஜிப்பைப் பார்த்துக்கொண்டே.

அந்தச் சனிக்கிழமை பேண்ட் போட்டி. எட்டு வரி அவள் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று இருந்தது. ஜூலையிலிருந்து அந்த எட்டு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். பேண்ட் விதிப்படி அவள் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. அதோடு நான்கு வாரம் பள்ளி முடிந்ததும் போதைப்பொருள் பற்றிய வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவானது. நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

காரில் வரும்போது "ஜாக்கெட்ட வாஷ் பண்ணிடலாம்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். "இல்லன்னு சொன்னேன்." பிறகு மெதுவாக, "இன்டர்வியூ முடியட்டும்" என்றாள். அவளுக்கும் பயம். ஆனால் அவளுடைய பங்கை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொன்னவன் நான்தான்.

இத்தனைக்குப் பிறகு அன்றே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்திருப்பேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் செய்யவில்லை. ஜாக்கெட்டைத் துவைத்து அவள் அறையில் மாட்டினேன். கராஜில் கிளைகள் அப்படியே காய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது செடி கொல்லையில் நின்றது. அது இன்னும் ஒரு வாரத்தில் முற்றிவிடும். ஆறு மாதம் வளர்த்ததை ஒரு வாரத்துக்காக வெட்டுவதா என்று என் புத்தி கணக்குப் போட்டது. வியாழக்கிழமை காலையும் பூதக்கண்ணாடியோடு போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மழை வரும் என்று அறிவிப்பு வந்தது. முற்றிய பூவில் மழை இறங்கினால் சாம்பல் பூஞ்சை பிடித்து உள்ளிருந்தே அழுகிவிடும். அதனால் சனிக்கிழமையே வெட்டியாக வேண்டும். அன்றுதான் போட்டி. காலை பத்து மணிக்குப் பள்ளி பஸ்கள் கிளம்பின. எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் தலையில் இறகு வைத்த பேண்ட் தொப்பியோடு ஓடியதைக் கொல்லையிலிருந்து வேலி இடுக்கில் பார்த்தேன். கையில் கத்தரியோடு நின்றேன். என் மகளின் அறை ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. திரை மூடியிருந்தது. நான் கிளைகளை வெட்டிக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. நல்ல விளைச்சல், முன்கை நீளத்துக்கு இறுகிய கதிர்கள். நடுவில் ஓரிரு தடவை, எனக்கே தெரியாமல், திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். தள்ளிவைக்கலாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். மனைவி கராஜ் கதவின் அடியில் துணியை அடைத்து, வீடெல்லாம் சாம்பிராணி காட்டினாள். எங்கள் சபை வீடுகளில் சாம்பிராணி வழக்கம் இல்லை. வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், கேட்கவில்லை.

பேண்டில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளையின் அம்மாவும் அந்தக் கூட்டத்துக்கு வருபவர். செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. யாரும் நேராகச் சொல்லவில்லை. என் மனைவியின் கையை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியபோது, என் மகள் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கி வந்தாள். நாகர்கோவில் ஆன்ட்டி அவளைப் பார்த்து "இங்க வாம்மா" என்றார். அவள் வந்து நின்றாள். ஆன்ட்டி எழுந்து அவள் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைய உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம். வழிதப்பிப் போகாம காத்துக்கொள்ளும். கெட்ட சிநேகிதங்கள விட்டு விலக்கும். நல்ல தகப்பனும் தாயும் வளர்த்த பிள்ளை, ஆண்டவரே. அவங்க கண்ணீரப் பாரும்."

அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே அழுதார். என் மகளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ஒரு சொல் விடாமல் புரியும். தண்ணீர் தம்ளரைக் கையில் பிடித்தபடி, அந்தக் கைக்குக் கீழே அசையாமல் நின்றாள். எல்லோரும் கண்களை மூடியிருந்தார்கள். நான் மட்டும் பாதி திறந்திருந்தேன். அவளும் திறந்திருந்தாள். என்னையே பார்த்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அவள் சமையலறையில் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏன்மா, ஸ்கூல்ல நீ சொல்லியிருக்கலாமே. அப்பாவோட செடின்னு."

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "யூ கைஸ் ஹேவ் தி இன்டர்வியூ." பிறகு, ஏதோ நான் மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துவதுபோல, "ஐ'ம் ஆல்ரெடி எ சிட்டிசன், அப்பா. தே கான்ட் டூ எனிதிங் டு மீ" என்றாள்.

பதினாறு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள், எங்கள் மூவரில் யாருக்கு அடி பட்டால் குறைவாக வலிக்கும் என்று. போட்டு, அவளே வந்து நின்றிருக்கிறாள். அவளைத் தடுத்திருக்க வேண்டிய நான் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை குடியுரிமை வழக்கறிஞரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்கைந்து கேள்விகள் கேட்டார். போய் உண்மையைச் சொன்னால் மறுக்கப்படலாம், அதற்கு மேலும் சிக்கல் வரலாம்; பொய் சொன்னால் அது எல்லாவற்றையும்விட மோசம்; உங்கள் விண்ணப்பத்தை இப்போது திரும்பப் பெறுங்கள், சில வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார். சரி என்றேன். அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனேன்.

துணை முதல்வர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்து, செடி என்னுடையது, கராஜில் உலர்த்தினேன், ஜாக்கெட் அங்கே தொங்கியது, அன்று நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் பேனாவை மூடிவைத்தார். "அன்றைக்கே வந்திருக்கலாமே" என்ற பொருளில் ஏதோ சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. அவளுடைய கோப்பிலிருந்து அதை எடுத்துவிடுவதாகவும், அந்தப் போதைப்பொருள் வகுப்புகளுக்கு அவள் இனி வரவேண்டாம் என்றும் சொன்னார். போட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேண்ட் இரண்டாம் இடம் வாங்கியிருந்தது. அந்த எட்டு வரியை வேறொரு பெண் வாசித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கயிற்றிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். முதல் செடியை ஏற்கெனவே நறுக்கிக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு வைத்திருந்தேன். அதையும் கொட்டி, ஈர மண்ணும் அழுகிய தக்காளியும் சேர்த்துப் பிசைந்து, பச்சைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதில் ஒரு சிட்டிகையைக்கூட நான் புகைத்துப் பார்த்ததில்லை. மகள் பள்ளி விட்டு வந்தபோது காலி ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்கூல்ல சொல்லிட்டேன் என்றேன். "ஓ. ஓகே" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. அவள் மாடிக்குப் போனதும் அந்த எதிர்பார்ப்பே வெட்கமாக இருந்தது.

நவம்பர் கூட்டம் ஆன்ட்டியின் மகன் வீட்டில். அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கஞ்சா என்ற சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஒருவர் இருமினார். என் மனைவி தரையைப் பார்த்தாள். சபைக் கணக்கை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து பார்க்கிங்கில் என் மகள் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆன்ட்டி முழங்கால் வலியோடு அத்தனை கார்களையும் தாண்டி நடந்து வந்தார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிரும்மா. எனக்குத் தெரியாது. உன்னப் பத்தி அப்படி ஜெபிச்சிட்டேன்."

ஜாக்கெட் ஜிப்பை இழுத்த அன்றும், தலையில் கை வைத்த அன்றும் அழாத என் மகள், அங்கே ஆன்ட்டியின் தோளில் சாய்ந்து அழுதாள். "இட்ஸ் ஓகே, ஆன்ட்டி, இட்ஸ் ஓகே" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

நான் காரின் மறுபக்கம் சாவியோடு நின்றேன். தான் செய்தது தவறு என்று தெரிந்த மறுநாளே அந்த அம்மாள் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார். பள்ளியிலும் வழக்கறிஞரிடமும் சபையிலும் சொன்ன நான், அந்த ஒரு சொல்லை என் மகளிடம் மட்டும் அதுவரை சொல்லவே இல்லை. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன். அவள் முன்சீட்டில் இருந்தாள். மனைவி பின்னால்.

"அப்பா தப்பு பண்ணிட்டேன்மா. சாரி."

"ஐ நோ" என்றாள். பிறகு, "தேங்க்ஸ்" என்றாள். அவ்வளவுதான். சிவப்பு விளக்கு பச்சையானதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

என் மனைவி மட்டும் நேர்காணலுக்குப் போனாள். அடுத்த பிப்ரவரியில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாள். மண்டபத்தில் பார்வையாளர் வரிசையில் நானும் மகளும் உட்கார்ந்து கை தட்டினோம். எனக்கு மார்ச்சில் வேறு வேலை கிடைத்தது. முன்பைவிடச் சின்ன வேலை. கொல்லையில் அந்த வருடம் ஒன்றும் நடவில்லை. என் மகள் ஜனவரியிலேயே பேண்டை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, படிக்க நிறைய இருக்கிறது என்றாள். கிளாரினெட் பள்ளியுடையது. அதைத் திருப்பிக் கொடுக்க நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரிகளுக்கு அப்ளை பண்ணும்போது, ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். செப்டம்பர் முழுக்க அவள் அதை எழுதினாள். எழுதி முடித்து, படித்துப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாள். என் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் எதிரில்தான் இருந்தேன். லேப்டாப் திறந்தே கிடந்தது.

அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. என் மனைவியும் சொல்லவில்லை. மகளுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது, போய்விட்டாள். நான் இதுவரை கேட்கவில்லை.